பாஸ்டன் கலைக்காட்சிசாலை: பொருளும் பாத்தியமும்

மேல்நாட்டுக் காட்சிசாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் நம்மவர் பெரும்பாலும் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்கக் காண்கிறோம். ஒரு கட்சியினருக்கு அங்கே கண்ட பளிங்குக் கூடங்களும், கண்ணாடிப் பேழைகளும், சேவகர்களின் ஒழுங்கும் பெரும் பிரமிப்பைத் தந்துவிடுகின்றன. 'கலையை அறிந்தவர்கள் அவர்களல்லவோ' என்று பெருமூச்செறிவதோடு அவர்களுடைய யாத்திரை முடிந்துவிடுகிறது. மற்றக் கட்சியினர் வாசற்படியிலேயே நின்று, 'உள்ளே இருப்பதெல்லாம் கொள்ளைப் பொருள்' என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதி விடுகின்றனர். ஒரு பொருளின் முன் அரை நாழிகை நின்று அதை விசாரித்தறியும் சிரமத்தைத் தவிர்த்துக்கொள்ள இவ்விரண்டும் நல்ல உபாயங்களே.

வக்கீல் தொழிலில் பழகியவனுக்கு ஒரு வழக்கமுண்டு. எவ்வளவு அழகான வீட்டைக் காட்டினாலும், 'மூலப் பத்திரம் எங்கே?' என்றுதான் அவன் முதலில் கேட்பான். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பாஸ்டன் நகரத்துக் கலைக்காட்சிசாலையில் இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தபோது, அங்குள்ள பொருள்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பத்திரத்தைக் காட்டின. சில பத்திரங்கள் நல்லவை. சில நல்லவை போலத் தோன்றுபவை. சில சுத்தப் பொய்ப் பத்திரங்கள். அவற்றையே இங்கு வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

இக்காட்சிசாலை 1870-ல் ஸ்தாபிக்கப்பட்டது. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து நூறாண்டு நிறைந்த தினமாகிய 1876 ஜூலை 4-ல் அதன் கதவுகள் திறக்கப்பட்டன. இப்போதுள்ள கருங்கல் மாளிகைக்கு 1909-ல் குடிபெயர்ந்தது. ராஜாங்க கஜானாவை எதிர்பாராமல் நகரத்துத் தனவந்தர்களின் நன்கொடையைக் கொண்டே இதைக் கட்டினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் இங்கே பெருமையுடன் வைக்கப்பட்டிருந்தவை கிரேக்க, ரோமானியச் சிற்பங்களின் சுதைப் பிரதிகளே. இன்றோ ஏறத்தாழ 5 லட்சம் பொருள்கள் இதன் வசம் இருக்கின்றன. சுதைப் பிரதிகளை வைத்துக்கொண்டிருந்த ஒரு நகரம் நூறாண்டுக்குள் இத்தனை அசலுக்கு எப்படி உடையதாயிற்று?

எகிப்திய கூடத்தில் மென்கௌரே அரசனும் அவனுடைய தேவியும் நிற்கின்றனர். சாம்பல் நிறக் கல்லில் செதுக்கிய இவ்விணைச் சிலைக்கு வயது சுமார் 4500 ஆண்டு. அரசன் இடது காலை முன்வைத்து நிமிர்ந்து நிற்கிறான். தேவி தன் வலக்கரத்தால் அவன் இடையை அணைத்து, இடக்கரத்தை அவன் புயத்தின்மேல் வைத்திருக்கிறாள். முகங்களும் தோள்களும் கண்ணாடிபோல் மெருகேறியிருக்க, கால்களும் பீடமும் கரடாகவே விடப்பட்டிருக்கின்றன. வேலை முடிவதற்குள் அரசன் இறந்து போனான் போலும். முற்றுப்பெறாத இச்சிலையின் முன் நிற்கும்போது, நம் நாட்டில் பாதியில் நின்றுபோன மாமல்லபுரத்துக் கோயில்கள் நினைவுக்கு வராமற் போகா.

இது இங்கு வந்த வரலாறு சுவையானது. கீஸாவிலுள்ள பிரமிடுகளைத் தோண்ட இத்தாலியர், ஜெர்மானியர், அமெரிக்கர் ஆகிய மூன்று கூட்டத்தார் அனுமதி கேட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் சீட்டுப் போட்டு நிலத்தைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். மூன்றாம் பிரமிடு அமெரிக்கர் பங்குக்கு வந்தது. ஹார்வர்டு சர்வகலாசாலைக்காகவும் பாஸ்டன் காட்சிசாலைக்காகவும் அங்கே தோண்டிய ஜார்ஜ் ரெய்ஸ்னர் 1910 ஜனவரியில் இந்த இணைச் சிலையைக் கண்டெடுத்தார். அக்காலத்து விதிப்படி, கிடைத்தவற்றில் ஒரு பங்கு எகிப்துக்கும் ஒரு பங்கு தோண்டியவர்க்கும் சேரும். அரசன் இரு தெய்வங்களோடு நிற்கும் சிலைகளில் முழுமையாகக் கிடைத்தவை நான்கு. அவற்றில் மூன்று கெய்ரோவிலேயே தங்கின, ஒன்றே பாஸ்டன் வந்தது. ஆகவே, இது திருட்டன்று. பத்திரம் இருக்கிறது, முத்திரை இருக்கிறது.

ஆனால் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் யார்? 1882 முதல் எகிப்து பிரிட்டிஷ் சேனையின் பிடியில் இருந்தது. அந்நாட்டுப் புதைபொருள் இலாகாவின் தலைவர் ஒரு பிரெஞ்சுக்காரர். கொடுத்தவரும் அந்நியர், வாங்கியவரும் அந்நியர். சொத்துக்குரியவனோ கூடையில் மணல் சுமந்துகொண்டிருந்தான். நம் தர்மசாஸ்திரத்தை ஒட்டி எழுந்த சட்டத்தில், மைனரின் சொத்தை அவசியமின்றிக் கார்டியன் பராதீனம் செய்தால், வயதடைந்த பின் அந்த மைனர் வழக்குத் தொடுத்து அதை ரத்துச் செய்யலாம். அதற்கும் மூன்று வருஷமென்று காலவரம்பு வைத்திருக்கிறார்கள். தேசங்கள் வயதடைவதற்கும், வயதடைந்தபின் வழக்கிடுவதற்கும் எத்தனை வருஷ வரம்பு என்பதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லவில்லை! அதே ரெய்ஸ்னர் 1925-ல் கண்டெடுத்த இளவரசன் அங்க்ஹாபின் மார்பளவுச் சிலையும் எகிப்திய இலாகா மனமுவந்து பாஸ்டனுக்கு வழங்கியதே. அதையும் திரும்பப் பெறவேண்டுமென்று எகிப்தியர் இந்நூற்றாண்டில் கேட்டு வருகின்றனர்.

ரெய்ஸ்னரைக் குறை சொல்லி முடித்துவிடுவதும் நியாயமாகாது. அவர் புதையல் தேடிய வேட்டைக்காரரல்லர். ஒவ்வொரு மண் அடுக்கையும் அளந்து, படமெடுத்து, நாட்குறிப்பு எழுதி, எகிப்தியத் தொழிலாளர்களுக்கே படமெடுக்கும் வித்தையைக் கற்பித்து, கடைசியில் 1942-ல் பிரமிடுகளின் அருகிலிருந்த தம் முகாமிலேயே உயிர் நீத்தார். அவர் எழுதி வைத்த குறிப்புகள் இன்று எகிப்திய ஆராய்ச்சியாளருக்கும் பயன்படுகின்றன. பொருளை எடுத்துப்போனவர் அதன் வரலாற்றை அழிக்காமற் காத்தார். இந்த வித்தியாசத்தின் அருமை இதற்கு நேர்மாறான சங்கதியைக் கேட்டால் விளங்கும்.

துருக்கியில் பெர்கே என்ற புராதன நகரத்தில் 1980-ல் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் தோண்டியபோது ஹெராக்ளிஸ் என்னும் வீரனின் பளிங்குச் சிலையொன்றின் கீழ்ப்பாதி மட்டும் கிடைத்தது. மறு வருஷமே பாஸ்டன் காட்சிசாலையார் ஒரு தனவந்தக் குடும்பத்தாரோடு பங்கு சேர்ந்து அதே வீரனின் மேற்பாதியொன்றை விலைக்கு வாங்கினர். 1990-ல் அது நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது விஷயம் அம்பலமாயிற்று. இது நெடுங்காலத்துக்கு முன்பே துருக்கியை விட்டு வந்ததாயிருக்கலாம் என்று இவர்கள் வாதாடினர். 1992-ல் இரு பாதிகளுக்கும் சுதை அச்செடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள். உடைந்த விளிம்பு விளிம்போடு அச்சாகப் பொருந்தியது. அதன் பின்னும் பத்தொன்பது வருஷம் பேச்சு நடந்தது. 2011-ல்தான் மேற்பாதி துருக்கிக்குத் திரும்பிற்று. அண்டாலியா நகரத்துக் காட்சிசாலையில் அவ்வீரன் மீண்டும் தன் கால்களின்மேல் நின்றான்.

இவ்வழக்கில் துருக்கியை ஜெயிக்க வைத்தது எது? மேற்பாதியைப் பறிகொடுத்தவர்கள் கீழ்ப்பாதியைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதுவே சாட்சி. 2006-ல் இத்தாலிக்கு 13 பொருள்களை இதே காட்சிசாலை திருப்பிக் கொடுத்ததும், 1897-ல் பிரிட்டிஷ் சேனை பெனின் நகரைச் சூறையாடி எடுத்தவற்றுள் இரண்டை 2025-ல் திருப்பியதும், கேட்டவர்கள் விடாமற் கேட்டதனால்தான். தானே வலிய வந்து கொடுக்கிற மனச்சாட்சி ஸ்தாபனங்களுக்கு அரிதாகவே உண்டு.

ஐரோப்பாவின் சொத்தை மற்றொரு தேசத்தார் கொண்டுபோன கதையும் இங்கே இருக்கிறது. ஸ்பெயின் தேசத்தில் கட்டலோனியா மலைநாட்டில் மூர் என்ற இடத்திலுள்ள மாதா கோயிலின் கர்ப்பக்கிருகச் சுவர் அப்படியே பாஸ்டனில் நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சித்திரம் அது. வாதுமை வடிவப் பிரபைக்குள் கிறிஸ்து வீற்றிருக்க, நான்கு சுவிசேஷகரின் சின்னங்கள் சூழ்ந்திருக்க, கீழே அப்போஸ்தலர் வரிசையாக நிற்கின்றனர். சுவரை எப்படிக் கப்பலேற்றினார்கள் என்று வியக்கவேண்டாம். சித்திரத்தின்மேல் துணியைப் பசையிட்டு ஒட்டி, உலர்ந்தபின் அதை உரித்தால் வர்ணப் பூச்சு துணியோடு வந்துவிடும்; சுவர் மொட்டையாகும். 1919-ல் வியாபாரிகள் அதை விலைக்கு வாங்கி உரித்தார்கள். 1921-ல் பாஸ்டன் காட்சிசாலை வாங்கிற்று. கிரயம் சட்டப்படி நடந்தது, ஒருவர் மேலும் குற்றமில்லை.

ஆனால் இச்செய்தி எட்டியதும் கட்டலோனிய மக்கள் விழித்துக்கொண்டனர். பார்ஸலோனா நகரத்துக் காட்சிசாலைச் சபையார் மலைக் கிராமங்களுக்கு ஆளனுப்பி, அதே வியாபாரிகளின் கைக்குப் போகவிருந்த மற்றக் கோயில்களின் சுவர்ச் சித்திரங்களைத் தாங்களே வாங்கி, அதே முறையில் உரித்துப் பார்ஸலோனாவுக்குக் கொண்டு வந்தனர். அவ்வகைச் சித்திரங்களுக்கு உலகத்தில் முதன்மையான இடம் இன்று பார்ஸலோனாவே. ஒரு சுவர் போயிற்று, மற்றவை தங்கின. தனி மொழியும் தனிச் சரித்திரமும் உடையோம் என்ற உணர்ச்சி அச்சிறு தேசத்தாரிடம் கொழுந்துவிட்டிருந்த சமயம் அது. அவ்வுணர்ச்சி மேடைப் பேச்சோடு நில்லாமல், கோவேறு கழுதைகள் ஏறும் மலைப்பாதையில் ஏணியும் பசையும் சுமந்து ஏறியது.

ஐரோப்பியச் சித்திரக் கூடங்களை விரிக்கப் புகுந்தால் பத்திரிகையில் இடம் போதாது. ரோஜியர் வான் டெர் வெய்டன் தீட்டிய லூக்கா முனிவரின் படத்தைக் காண ஒரு முற்பகல் வேண்டும். மாதா குழந்தைக்குப் பாலூட்டுகிறாள். எதிரே முனிவர் முழந்தாளிட்டு அவளை வரைகிறார். பின்னாலோ இருவர் மதிலோரம் நின்று ஆற்றை வேடிக்கை பார்க்கின்றனர். எதிரிலே தெய்வம் இருக்க முதுகைக் காட்டி நிற்கும் இவ்விருவரைப் போன்றோர் நம் கோயில்களிலும் உண்டு. கோகான் தாஹித்தித் தீவில் 1897-98-ல் வரைந்த பன்னிரண்டடி அகலப் படமும் இங்கேதான் இருக்கிறது. எங்கிருந்து வந்தோம், என்னவாயிருக்கிறோம், எங்கே போகிறோம் என்று அதன் மூலையில் பிரெஞ்சு மொழியில் எழுதி வைத்தார். நம் நாட்டு மடங்களில் இக்கேள்விக்குப் படம் வரைய வேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை என்று வைதிகர்கள் சிரிக்கக்கூடும். எனினும் படத்தின் வலது கோடியில் உறங்கும் குழந்தையிலிருந்து இடது கோடியில் தலையைக் கைகளில் தாங்கிய கிழவி வரையில் நடந்து பார்த்தவன் சிரிக்கமாட்டான்.

நம்மை அசையவிடாமல் நிறுத்திய படம் டர்னர் 1840-ல் தீட்டிய அடிமைக் கப்பல். தூரத்தில் நின்று பார்த்தால் அது ஓர் அஸ்தமனம். வானமும் கடலும் செம்பொன்னாய்ப் பற்றி எரிகின்றன. அருகே போனால்தான் அலையின் இடையே விலங்கிட்ட ஒரு கால் மேலே நீட்டியிருப்பது தெரியும். அதைச் சுற்றி மீன்களும் கடற்பறவைகளும் மொய்க்கின்றன. கப்பலோ தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. 1781-ல் ஸாங் என்ற ஆங்கிலக் கப்பலிலிருந்து 130-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளை உயிரோடு கடலில் எறிந்த கொடுமையை நினைந்தே டர்னர் இதை எழுதினார் என்பர் பலர். கப்பற் சொந்தக்காரர் இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வழக்காடினர். சரக்கு நஷ்டத்துக்கு ஈடு உண்டா என்பதே 1783-ல் லண்டன் நீதிபதிகளின் முன் நின்ற பிரச்னை. கொலைக் குற்றத்துக்காக ஒருவனும் கூண்டில் ஏற்றப்படவில்லை. ஆங்கிலச் சட்டத்தின் மேன்மையைக் கலாசாலையில் படித்து நெட்டுருச் செய்தவர்களுக்கு இப்படம் ஒரு நல்ல பாடப் புத்தகம். அதை எழுதியவனும் ஓர் ஆங்கிலேயனே என்பதையும் மறைக்கக்கூடாது. தன் ஜாதியாரின் பாவத்தை அழகிய நிறத்தில் தோய்த்து அவர்கள் கூடத்திலேயே மாட்டிவிட்டான். விமர்சகர் ரஸ்கின் அதைச் சிலகாலம் தம் வீட்டில் வைத்திருந்து பிறகு விற்றுவிட்டார். 1899-ல் அது பாஸ்டன் வந்து சேர்ந்தது.

நிற்க. இக்காட்சிசாலையோடு தமிழருக்கு ஒரு பந்துத்துவம் உண்டு. 1917 முதல் 1947-ல் இறக்கும் வரையில் முப்பது வருஷம் இங்கே இந்தியக் கலைப் பகுதியில் பணியாற்றியவர் ஆனந்த குமாரஸ்வாமி. அவர் தந்தை ஸர் முத்து குமாரஸ்வாமி, லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற இலங்கைத் தமிழர். பொன்னம்பலம் ராமநாதன், அருணாசலம் சகோதரர்களுக்குத் தாய்மாமன். தாயார் ஆங்கில மாது. 1877-ல் கொழும்பில் பிறந்து, இரண்டு வயதில் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, பூகர்ப்ப சாஸ்திரியாய் இலங்கைக்குத் திரும்பிய அவர், கனிஜங்களை ஆராயப் போன கிராமங்களில் கம்மாளர் தொழில் நசிந்து கிடப்பதைக் கண்டார். அன்று முதல் கல்லை விட்டுச் சிற்பத்தைப் பற்றினார். சுதேசி இயக்கக் காலத்தில், அந்நியத் துணியை விலக்குவதோடு நில்லாமல் நம் கைத்தொழிலின் அழகையும் மீட்கவேண்டுமென்று எழுதினார்.

அவர் வட இந்தியாவெங்கும் அலைந்து ராஜபுத்திரச் சித்திரங்களைச் சேகரித்தார். அவற்றை எவரும் மதியாத காலம் அது. காசியில் ஒரு தேசியக் காட்சிசாலை ஏற்படுத்துவதானால் என் சேகரம் முழுவதையும் தருகிறேன் என்று அவர் முன்வந்தார். கட்டடம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். மகாராஜாக்கள் நிறைந்த, ஜமீன்தார்கள் நிறைந்த இந்நாட்டில் பணம் சேரவில்லை. முடிவில் பாஸ்டன் கனவான் டென்மன் ராஸ் அச்சேகரத்தை விலைக்கு வாங்கிக் காட்சிசாலைக்கு அளித்தார். சித்திரங்களோடு அவற்றின் பொருளறிந்தவரும் கடல் கடந்தார். கிளைவும் வாரன் ஹேஸ்டிங்ஸும் கொண்டுபோனதற்காக நாம் கோபித்துக்கொள்கிறோம், கோபம் நியாயமே. இதற்கு யார்மேல் கோபிப்பது?

பாரத நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்டில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. இந்தியாவுக்குத் திரும்பி இமயச் சாரலில் எஞ்சிய நாளைக் கழிக்க எண்ணியிருந்தார். செப்டம்பர் 9-ல் காலமானார்.

காட்சிசாலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே காட்சிசாலைகளைக் கண்டித்தவர் என்பது அவருடைய தனிப்பெருமை. கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதேன் என்று 1941-ல் ஒரு கட்டுரையே எழுதினார். கிண்ணம் பருகுவதற்கும், விக்கிரகம் பூஜைக்கும், சுவர்ச் சித்திரம் கோயிலில் மக்கள் கற்பதற்கும் ஏற்பட்டவை. அவற்றின் உபயோகத்தைப் பிடுங்கிவிட்டு அழகை மட்டும் ரசிப்பது அறியாமை என்பது அவர் கட்சி. மூர் கோயிலின் சுவரைப் பார்க்கையில் இதன் உண்மை புலனாகிறது. இங்கிருந்து சில அறைகள் தள்ளி, 1927-ல் வாங்கிய பல்லவர் காலத்துத் துர்க்கை, எட்டாம் நூற்றாண்டில் நம் நாட்டில் செதுக்கப்பட்டவள், விளக்கேற்றுவாரின்றி மின்சார ஒளியில் நிற்கிறாள். அவளைப் பார்க்கும்போதும் அப்படியே.

அமெரிக்கப் பகுதியில் ஒரு வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. பால் ரெவீர் என்ற தட்டான் 1768-ல் செய்தது. பிரிட்டிஷ் பார்லிமெண்டு விதித்த வரிகளை எதிர்த்து அனுப்பிய கடிதத்தை வாபஸ் வாங்க மறுத்த மாஸசூஸெட்ஸ் சட்டசபை அங்கத்தினர் 92 பேரைப் போற்றிச் செய்த கிண்ணம் அது. ஐந்து வருஷத்துக்குப் பின், நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையை இந்நகரத்தார் கடலில் கொட்டினர். நெடுங்காலம் தனியார் கையிலிருந்த அக்கிண்ணத்தை 1949-ல் காட்சிசாலை வாங்கியபோது, ஊரார் சந்தா திரட்டினார்கள். பாஸ்டன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தங்கள் செப்புக் காசுகளைப் போட்டார்கள். அந்தக் காசுகளும் ஒரு பத்திரமே. அங்கே கண்ட பத்திரங்களில் அதைவிட நல்லதொன்றை நாம் காணவில்லை.

நம் தரப்புக்கு வருவோம். தஞ்சை ஜில்லா பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்து, ரகசியமாக லண்டன் சேர்ந்த நடராஜர் விஷயத்தில், கோயிலே வாதியாக நின்று ஆங்கிலக் கோர்ட்டில் ஜெயித்து 1991-ல் மீட்டது. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருட்டுப்போய் ஆஸ்திரேலிய தேசியக் காட்சிசாலையில் நின்ற நடராஜர் 2014-ல் திரும்பினார். இவரை அடையாளங் காட்டியது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னமே எடுத்து வைத்திருந்த புகைப்படம்! அந்நிய ஸ்தாபனமொன்று எடுத்த படம் இல்லாதிருந்தால், நம் தெய்வத்தை நம்முடையதென்று நிரூபிக்க நம்மிடம் எது இருந்திருக்கும்? அர்ச்சகரின் கண்ணீரைக் கோர்ட்டில் ஆவணமாகத் தாக்கல் செய்ய முடியாது.

பெரிய தேவஸ்தானங்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அங்கே கண்கள் பல. ஒரு வேளைப் பூஜையும் தடுமாறி நடக்கும் சிற்றூர்க் கோயில்களில்தான் திருடன் நிதானமாக வேலை செய்கிறான். அக்கோயில்கள் ஒவ்வொன்றிலும் உள்ள கல், செம்புத் திருமேனிகளை நான்கு புறமும் படமெடுத்து, உயரமும் எடையும் குறித்து, உடைந்த விரலும் தேய்ந்த முகமும் விடாமல் எழுதி, ஒரு பிரதி கோயிலிலும் ஒரு பிரதி ஜில்லாத் தலைநகரத்திலும், யாரும் பார்க்கக்கூடிய மற்றொரு பிரதி அவ்வூர்ப் பள்ளிக்கூடத்திலும் இருக்கச் செய்யவேண்டும். சர்க்கார் இலாகா செய்வதைச் செய்யட்டும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஊருக்கு இரண்டு வாலிபர்களும், அவர்கள் சட்டைப்பையிலேயே உள்ள படப்பெட்டியும், ஓர் அளவு நாடாவும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.